மூன்று நாள் தேனீ

விடிந்ததிலிருந்து பெட்டிக்காரன் நாலு தடவை பின்வாசலுக்குப் போய்விட்டு வந்துவிட்டான். குட்டி போட்ட பூனைகூட இத்தனை நடை நடக்காது. போவான், தேனீப் பெட்டிகளைத் தள்ளி நின்று பார்ப்பான், எதையோ மறந்தவன் மாதிரி திரும்பி வருவான். ஐந்தே ஐந்து தேனீ பிடிக்க வேண்டும். இருபது வருஷமாக நாற்பது பெட்டி வைத்துப் பிழைக்கிறவனுக்கு, தெருவே பெட்டிக்காரன் என்று கூப்பிடுகிறவனுக்கு, ஐந்து தேனீ பிடிப்பது ஒரு வேலையா? ஆனால் அந்த ஐந்தில் ஒன்று இன்று பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் வைத்து அவன் மனைவியைக் கொட்டப் போகிறது. பிடித்துக் கொடுக்க வேண்டியவன் அவன்.

கேட்பதற்கு இது என்ன கிறுக்குத்தனம் என்று தோன்றும். தோன்றட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தேனீ கழுத்தில் கொட்டியது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவள் வாங்காத கொட்டா? வீங்கும், ரெண்டு நாள் அரிக்கும், போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. முதலில் உள்ளங்கை அரித்தது. அப்புறம் உதடு தடித்தது. "என்னங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. பெட்டிக்காரன் ஓடி வந்தபோது துணிக்கூடை பக்கத்தில் அவள் கிடந்தாள். பக்கத்து வீட்டுக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். அஞ்சு நிமிஷம் தாமதித்திருந்தால் வேறு கதை என்றார் டாக்டரம்மா.

அதோடு விட்டிருக்கலாம். "உங்க வீட்டுக்காரர் வேலைத்துணியை யார் துவைக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டார்.

"நான்தான். உதறி, துவைச்சு, இஸ்திரி போடுறதும் நான்தான்."

பெட்டி வேலை செய்கிறவன் துணியில் தேனீ விஷம் காய்ந்து பொடியாக ஒட்டியிருக்கும், அதை மூச்சில் இழுத்து இழுத்துக்கூட வீட்டிலிருக்கிற சிலருக்கு அந்த விஷம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றார். அவர் "லாம்" என்றுதான் சொன்னார். பெட்டிக்காரன் மனதில் அது தீர்ப்பாகவே இறங்கிவிட்டது. தேனீ கொட்டவில்லை, தான்தான் கொட்டினோம் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டான்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். தேனீ விஷத்தையே மருந்தாகக் கலக்கி, துளியில் பாதி துளி என்று ஆரம்பித்து, முதலில் வாரம் ஒரு ஊசி, பிறகு மாதம் ஒரு ஊசி. போட்ட பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் அவள் உட்கார்ந்தாள், அவன் நடந்தான்.

வீட்டில் சட்டதிட்டம் வேறு. ஜன்னலெல்லாம் வலை. பின்வாசல் கதவு அவளுக்குப் பூட்டு. அவன் வேலை முடிந்தால் கொட்டகையிலேயே குளிக்க வேண்டும், துணி அங்கேயே ஊற வேண்டும், வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். சட்டம் போட்டது டாக்டரம்மா இல்லை, இவனேதான். பெட்டி ஏற்றுகிற வேனில் அவள் ஏறக் கூடாது. ரெண்டு பேரும் எங்கே போனாலும் அவள் பஸ்ஸில், இவன் வேனில். வீட்டில் ஒரு சொட்டுத் தேன் கிடையாது, மெழுகுவத்திகூடக் கிடையாது. ஒருமுறை அவன் அக்கா, தம்பி பெண்டாட்டி உடம்பு தேறட்டும் என்று ராணித்தேனீக்கு ஊட்டுகிற பாலை டானிக் என்று ஒரு சீசாவில் வாங்கி வந்தாள். அந்தப் பால் சில உடம்புக்கு மூச்சையே அடைக்கும் என்று இவன் டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தான். சீசாவோடு சாக்கடையில் கவிழ்த்தான். "தம்பிக்கு உலகத்துக்கே தேன் விக்கத் தெரியும், கட்டினவளுக்கு ஒரு கரண்டி கொடுக்கத் தெரியாது" என்று அக்கா ஆறு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது கடைசிச் சோதனை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் எல்லா ஏற்பாட்டோடும் நிஜத் தேனீயைக் கொட்ட விடுவார்கள். "எங்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறவர் இந்த மாசம் வரல," என்றார் டாக்டரம்மா. "உங்ககிட்ட இல்லாத தேனீயா? அஞ்சு கொண்டுவாங்க. நல்லா வளர்ந்த வேலைக்காரத் தேனீயா பாருங்க." பெட்டிக்காரன் மண்டையை ஆட்டிவிட்டு வந்தான். ஒரு வாரமாகத் தூக்கம் போச்சு.

ஐந்தாவது தடவை பின்வாசலுக்குப் போனபோது ஒரு முடிவோடு போனான்.

தேனீ பிறந்த அன்றைக்கே கொட்டாது. முதல் நாள் கொடுக்கு மெத்தென்று இருக்கும், தோலில் இறங்காது. மூன்றாம் நாள் இறங்கும், ஆனால் விஷப்பையில் சரக்கு இருக்காது. இரண்டு மூன்று வாரம் ஆகி, வெளியே பூவுக்குப் பறக்கிற பூச்சிதான் முழு ஆள். பெட்டி வாசலில் போகிறதும் வருகிறதும் அதுதான். எட்டிப் பிடித்தால் வேலை முடிந்தது. பெட்டிக்காரன் வாசலைத் தொடவில்லை. பெட்டியைத் திறந்து, புகை காட்டி, நடுச்சட்டத்தைத் தூக்கினான். குஞ்சு பொரிக்கிற அடை அது. உடம்பெல்லாம் சாம்பல் ரோமமாக, நடை பழகாததுபோல ஊர்ந்துகொண்டிருந்த பூச்சிகளில் ஐந்தைப் பொறுக்கி, ராணித்தேனீயை அனுப்புகிற சின்ன வலைக்கூண்டில் போட்டு மூடினான். கொடுக்கு இறங்கும், தோல் சிவக்கும், டாக்டரம்மா பார்ப்பார், ஒன்றும் ஆகாது. இந்தத் திருட்டு தேனீக்காரனைத் தவிர வேறு யாருக்கு வரும்?

"பிடிச்சாச்சா?" சமையலறை ஜன்னல் வலைக்குப் பின்னாலிருந்து அவள் குரல்.

"ஆச்சு."

"நல்ல பூச்சியா?"

"அதெல்லாம் பார்த்துத்தான் எடுத்தேன்."

பொய் சொல்லவில்லை, பார்த்துத்தான் எடுத்தான். இருந்தாலும் கொட்டகையில் குளிக்கும்போது ரெண்டு தடவை சோப்புப் போட்டும் என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது. அவன் தலை துவட்டி வருவதற்குள் அவள் புடவை மாற்றி, தோள்பையை மாட்டி, பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸுக்குப் பின்னாலேயே வேனை ஓட்டினான். மூன்றாவது ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. பஸ் நின்ற இடத்திலெல்லாம் இவனும் நின்றான்; பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே அவன் குலத்தைத் திட்டினார்கள். சட்டைப் பையில் கூண்டு லேசாக முனகியது. செய்தது சரிதான் என்று ஒரு சிக்னலில் தோன்றும், அடுத்த சிக்னலில் தப்பு என்று தோன்றும். திரும்பிப் போய் நாலு நல்ல பூச்சி பிடித்து வந்தால் என்ன? நேரம் இல்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான். நேரம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, ஒரு கையில் ஊசி குத்தி ஒட்டி, மறு கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார்கள். தட்டில் மருந்து ஏற்றின ஊசிகள் வரிசையாக இருந்தன. பெரிய நர்ஸ் அதை ஒருமுறை எண்ணினாள். பெட்டிக்காரன் மூன்று முறை எண்ணினான். டாக்டரம்மா இடுக்கியால் கூண்டிலிருந்து ஒரு பூச்சியை எடுத்து அவள் முன்கையில் வைத்து அழுத்தினார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு கொட்டியது.

"ஸ்," என்றாள் அவள்.

ஒரு நிமிஷம் விட்டுக் கொடுக்கைச் சுரண்டி எடுத்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து. இருபது. கையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்பு, அவ்வளவுதான். டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம். இன்னும் நாற்பது நிமிஷம் பார்த்துடலாம்," என்று தன் அறைக்குப் போனார். நர்ஸ் திரைக்கு அந்தப் பக்கம் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எத்தனை நாள் பூச்சி?" என்றாள்.

"என்னது?"

"கேட்டது காதுல விழுந்துச்சுல்ல?"

தேள் கொட்டிய திருடன் கத்தவா முடியும்? பெட்டிக்காரன் தரையைப் பார்த்தான். "மூணு நாள்."

"நான் நாலுன்னு நினைச்சேன்."

"எப்படி..."

"பன்னெண்டு வருஷமா ஜன்னல்கிட்ட மிஷினைப் போட்டுத் தைச்சுக்கிட்டு உங்களைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன். வாசல்ல போற பூச்சியை விட்டுட்டு நடுச்சட்டத்தைத் தூக்கினீங்க. அங்க யார் இருப்பா? குஞ்சுங்கதானே. முழுப் பூசணிக்காயை யார்கிட்ட மறைக்கிறீங்க?"

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" அவன் குரல் உடைந்துவிட்டது.

"ஆச்சுன்னா இங்கேயே ஆகட்டும். டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, தட்டு நிறைய ஊசி இருக்கு. உங்க மூணு நாள் பூச்சியை நம்பி, பாஸாயிட்டோம்னு நான் கொடிக்குத் துணி காயப்போடப் போவேன். அப்போ வர்ற பூச்சிக்கு எத்தனை நாள்னு கேட்டுட்டா கொட்டும்?"

"நான் பார்த்துக்க மாட்டேனா?"

"பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க!" அவள் குரல் உயர்ந்து, திரையைப் பார்த்துத் தாழ்ந்தது. "மூணு வருஷமா வேற என்ன பண்றீங்க? வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்குள்ள வந்து எத்தனை நாளாச்சு? குளிச்சு, தலை வாரி, சட்டை மாத்தி, விருந்தாளி மாதிரி வந்து உட்கார்றீங்க. கிட்ட வர்றதுக்கு முன்னாடி கையை மோந்து பார்த்துக்கிறீங்க. எனக்கு விருந்தாளி வேணாம். எனக்கு என் வீடு வேணும், என் பின்வாசல் வேணும். உயிர் போயிடுமோன்னு எனக்கு மட்டும் பயம் இல்லையா? அதை வெச்சுக்கிட்டுத்தானே வந்து படுத்திருக்கேன்."

அவள் தலைமாட்டிலிருந்த தோள்பையை எடுக்கச் சொன்னாள். பைக்குள், தேனீ கொட்டினால் உடனே குத்திக்கொள்ள டாக்டரம்மா கொடுத்திருந்த ஊசிப்பேனாவுக்குப் பக்கத்தில் அவளுடைய பொத்தான் டப்பா இருந்தது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், மூடியில் தையல் ஊசியால் குத்திய ஓட்டைகள். உள்ளே பொத்தான் இல்லை. ஒரு தேனீ சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

"நீங்க குளிக்கப் போனப்போ பிடிச்சேன். ஜன்னல் வலையில வந்து உட்கார்ந்துச்சு. பின்வாசலைத் திறந்து வெளியே போய், டம்ளரைக் கவிழ்த்து, அட்டையைச் சொருகினேன். ஊசிப்பேனாவை இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் போனேன், பயப்படாதீங்க."

"பின்வாசல்ல பூட்டு..."

"சாவி எங்கன்னு எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா நான்தான் அதுக்கு எண்ணெய் போடுறேன்." டப்பாவை அவன் கையில் வைத்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க."

நடைக்கூடம் நீளமாக இருந்தது. பாதி வழியில் ஒரு ஜன்னல். திறந்திருந்தது. பெட்டிக்காரன் அங்கே நின்றுவிட்டான்.

மூடியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பூச்சி போயே போய்விடும். வழியில் தவறிவிட்டது என்று சொல்லலாம். அவள் நம்ப மாட்டாள், ஆனால் உயிரோடு நம்பாமல் இருப்பாள். டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். கிழட்டுப் பூச்சி. இறக்கை ஓரம் கிழிந்து, முதுகு ரோமம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. எத்தனையோ தோட்டம் பார்த்தது. விஷப்பை முழுசாக நிறைந்திருக்கும், சந்தேகமே இல்லை. வாசலில் உட்கார்ந்து தேடியிருந்தால் இவனே இதைத்தான் எடுத்திருப்பான். அவ்வளவு சரியாகப் பிடித்திருந்தாள். டம்ளரைக் கவிழ்க்க அவள் எவ்வளவு கிட்டே போயிருக்க வேண்டும் என்று நினைத்தான். மூடி மேலிருந்த கட்டைவிரல் தானாக விலகியது. கை தவறிக்கூட ஒன்றும் நடந்துவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு நடந்தான்.

டாக்டரம்மா முழுசாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்களை நம்பித்தானே கேட்டேன்?"

"தப்புதான் டாக்டர்."

"காப்பாத்துறோம்னு நினைச்சு, யாருமே காப்பாத்த முடியாத இடத்துல கொண்டுபோய் விட்டிருப்பீங்க. புரியுதா?"

"இப்பத்தான் அவ சொன்னா. அவ சொன்னப்புறம்தான் புரிஞ்சுது."

டாக்டரம்மா டப்பாவை வாங்கிப் பார்த்தார். "இது எப்படி? எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லுங்க."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவதற்கு இருபது வருஷத் தொழிலும் போதவில்லை. மென்று விழுங்கி, கடைசியில் சொன்னான். "முழு பூச்சி டாக்டர். இதைவிட நல்ல பூச்சி என்கிட்ட கிடையாது."

முதல் சோதனைக்கு ஒரு மணி நேரம் முடிந்த பிறகு இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இவனை வெளியே நிற்கச் சொன்னாள் நர்ஸ்.

"உள்ளேயே இருக்கட்டும் சிஸ்டர்," என்றாள் அவள். "வெளியே விட்டா உங்க தரை தேஞ்சு போயிடும்."

அந்தக் கிழட்டுப் பூச்சி யோசிக்கவே இல்லை. வைத்த உடனே கொட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள், ஓரத்தில் தண்ணீர் வந்தது. கொடுக்கோடு சேர்ந்து விஷப்பையும் தோலில் நின்று துடிப்பதை அவன் பார்த்தான். எத்தனையோ ஆயிரம் தடவை தன் கையில் பார்த்ததுதான். இவ்வளவு நேரம் துடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

ஐந்து நிமிஷம். தடித்தது. சட்டைப் பொத்தான் அளவு. நர்ஸ் பேனாவால் அதைச் சுற்றிக் கோடு போட்டாள். எட்டாவது நிமிஷம் அவள் கையைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தாள். பெட்டிக்காரன் நாற்காலியோடு எழுந்துவிட்டான்.

"அரிக்குதா? உள்ளங்கை? உதடு? பேசு, குரல் வருதா?"

"முடி குத்துது. எனக்குச் சொறியக்கூட உங்க உத்தரவு வேணுமா?"

பன்னிரண்டு. கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வீங்கியது. பதினைந்து. உதட்டைப் பார்த்தான். தடித்திருக்கிறதா, அவள் உதடே அப்படித்தானா? பன்னிரண்டு வருஷம் பார்த்த உதடு, சத்தியமாக அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்நேரம் அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. இப்போது தையல் மிஷினுக்கு பெல்ட் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான், ஒன்றும் காதில் விழவில்லை. முப்பது. நர்ஸ் அவள் பிரஷரைப் பார்த்தாள், எழுதினாள். பிறகு பெட்டிக்காரன் முகத்தைப் பார்த்து, என்ன நினைத்தாளோ, பட்டையை அவிழ்த்து அவன் கையில் சுற்றினாள்.

"இவருக்குத்தான் ஜாஸ்தி," என்று டாக்டரம்மாவிடம் சொன்னாள். படுத்திருந்த அவள் சிரித்தாள். மூச்சு முட்டாமல், தொண்டை கட்டாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் பெட்டிக்காரனுக்கு அழுகை வந்தது, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதான்.

ரெண்டு மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். "உடம்பு பழகிடுச்சு," என்றார் டாக்டரம்மா. "ஊசியை நிறுத்தக் கூடாது, பேனா எப்பவும் பையில இருக்கணும். மத்தபடி, அந்த ஜன்னலையெல்லாம் கொஞ்சம் திறங்க." இவன் பக்கம் திரும்பி, "அடுத்த தடவை தேனீ வேணும்னா உங்க மனைவிகிட்ட கேட்டுக்கிறேன்," என்றார்.

வெளியே வந்ததும் பழக்கத்தில் அவன் கை நீட்டினான். "பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்."

"எனக்குத் தெரியும்," என்று அவள் வேன் பக்கம் நடந்தாள்.

முன்சீட்டில் புகைப்பான், பழைய சட்டம், கையுறை, மூன்று வருஷத்துக் குப்பை. அவன் பதறிப் பதறி அள்ளிப் பின்னால் போட்டான். அவள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி ஓரத்தில் செத்துக் கிடந்த ஒரு தேனீயை விரலால் தட்டிவிட்டாள். "இதைப் பெருக்குறதே இல்லையா?" பிறகு அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். கூண்டில் மீதி நாலு குஞ்சும் இருந்தன.

"இங்கேயே விட்டுடவா?"

"வெளியே போய்ப் பழகாத குஞ்சுங்க. வழியில விட்டா வீடு வந்து சேருமா? இருபது வருஷத் தொழில்காரருக்கு நான் சொல்லணுமா? கொடுங்க." கூண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கொட்டு வாங்கிய கை அதன்மேல் இருந்தது. "போனதும் பெட்டியைத் திறங்க. முகத்துல வலை போட்டுக்கிட்டு நானே உள்ள விடுறேன்."

அவன் சாவியைப் போட்டான். மூன்றாவது முயற்சியில் வண்டி கிளம்பியது. "சரி," என்றான். "நீ விட்டுட்டு உள்ளே போயிடு. நான் குளிச்சிட்டு வந்துடுறேன்."

"இன்னிக்குக் குளிக்காம வாங்க," என்றாள் அவள்.